விற்பவர் அறிந்த குறை – 9: மரிச்சுக்கட்டிக் குத்தகை

1906 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மன்னார்க் கடலின் முத்துப்பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயின. கம்பெனியின் பெயர் சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ். ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில், மரிச்சுக்கட்டியில் நடந்த ஒரே சலாபத்தில், அதாவது ஒரே முத்துக் குளிப்புப் பருவத்தில், அரசாங்கத்துக்கு வந்த தொகை சுமார் 25 லட்சம் ரூபாய். இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த கொழும்பு கொதித்தது. முத்து விளையும் கடலைக் கவர்னர் ஹென்றி பிளேக் கம்பெனிக்குத் தாரை வார்த்துவிட்டார் என்று பேச்சு எழுந்தது. 1906, 1907 சலாபங்கள் நன்றாகவே நடந்தன. அதன் பிறகு சிப்பி இல்லை. 1912 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. குத்தகைக் காலத்தில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

ஏமாந்தது அரசாங்கம் என்று ஊர் சொன்னது. கடைசியில் முதலை இழந்தது வாங்கியவர். இது எப்படி நடந்தது, யாருக்கு எது தெரிந்திருந்தது, தெரிந்ததை யார் யாரிடம் சொன்னார்கள் என்பதே இந்த இதழின் விஷயம்.

சென்ற இதழில் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப் கதையைப் பார்த்தோம். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக அதன் சாரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மன்னார்க் கதையை அதன் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அந்தச் சிப்பில் வகுத்தல் கணக்குக்காக ஓர் உள் அட்டவணை உண்டு. அதில் நிரப்பப்பட்டிருக்க வேண்டிய 1,066 கட்டங்களில் 5 கட்டங்கள் விடுபட்டுப் போயின. அதனால் சில எண்களை வகுக்கும்போது விடை பிசகியது. 1994 நடுப்பகுதியிலேயே இன்டெல் இதைத் தன் சோதனையில் கண்டுகொண்டது, வெளியே சொல்லவில்லை. வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களைப் பற்றிய தன் ஆய்வுக் கணக்கு ஒத்துவராததால் மாதக்கணக்கில் தேடி, பிழை தன் நிரலில் இல்லை, சிப்பில் இருக்கிறது என்று கண்டு, அக்டோபர் இறுதியில் சக ஆய்வாளர்களுக்கு எழுதினார். சாதாரணப் பயனாளர் ஒருவர் 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தப் பிழையைச் சந்திப்பார் என்றது இன்டெல். தனக்கு அது தேவை என்று நிறுவிக்காட்டுபவருக்கு மட்டும் மாற்றுச் சிப் தருவோம் என்றது. டிசம்பர் 12 அன்று ஐபிஎம் அந்தச் சிப் உள்ள கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று இன்டெல் மன்னிப்புக் கேட்டு, கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்காக 47.5 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்கியது.

அந்தக் கதையில் குறை மறைக்கப்பட்டது. தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர்கள் பல லட்சம் பேர். மன்னாரில் அப்படி இல்லை. இங்கே குறை அச்சில் இருந்தது. அச்சில் இருந்தும் ஒரு விற்பனை இப்படி முடிந்தது என்பதால்தான் இதை இத்தொடரில் சேர்த்தேன்.

முதலில் கடலையும் கரையையும் பார்ப்போம். மன்னார்த் தீவிலிருந்து தெற்கே, பெருநிலக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று ஊர்கள் இறங்குகின்றன. இன்றைய முசலிப் பிரதேசம். இந்தக் கரைக்கு எதிரே கடலுக்குள், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், மணலுக்கு நடுவே பாறைத் தளங்கள் கிடக்கின்றன. அவைதான் பார்கள். செவல் பார், மோதரகம் பார், முத்துவாரத்துப் பார், பெரிய பார் என்று ஒவ்வொன்றுக்கும், முத்துக் குளிக்கும் குளியாளிகள் வைத்த பெயர் உண்டு, ஆங்கிலேயரின் கடல் வரைபடங்களிலும் அந்தப் பெயர்களே ஏறின. வாடைக் காற்று ஓய்ந்து சோளகக் காற்று எழும்பும் முன், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கடல் அமர்ந்திருக்கும் சில வாரங்களில்தான் சலாபம். இரவில் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடிந்ததும் பாரின் மேல் நின்று, கால் வைக்கும் கல்லோடு ஆட்கள் இறங்குவார்கள். பிற்பகலில் கடல்காற்றுப் பிடித்துக் கரை திரும்புவார்கள்.

1905 இல் 300 க்கு மேற்பட்ட தோணிகள் வந்தன. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. பாரசீக வளைகுடா அரபுகள், கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர், யாழ்ப்பாணத்தார் என்று குளியாளிகள். செட்டியார்கள், பம்பாய் வணிகர்கள் என்று வாங்குவோர். மற்ற மாதங்களில் ஆள் அரவமற்றுக் கிடக்கும் அந்த மணலில் மருத்துவமனை, நீதிமன்றம், சிறை, தபாலகம் எல்லாம் கொண்ட ஒரு நகரம் ஓலையாலும் கம்பாலும் எழுந்தது. பல்லாயிரம் பேர் தங்கிய நகரம். சலாபம் முடிந்ததும் அதன் சுவடே இருக்காது.

இந்த நகரத்தின் வணிகம் முழுவதும் ஒரு வினோதமான சரக்கின் மேல் நின்றது. விற்கப்பட்டது முத்து இல்லை. திறக்காத சிப்பி. மாலையில் அரசாங்க அதிபரின் முன்னிலையில் சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. பெரும்பாலான சிப்பிகளில் எதுவுமே இருக்காது. வாங்கியவர் அவற்றை வள்ளங்களிலும் தொட்டிகளிலும் இட்டு ஒரு வாரம் பத்து நாள் அழுகவிட்டு, ஈயும் புழுவும் நாற்றமும் தாங்கி, கழுவி எடுத்த பிறகுதான் தாம் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்று அறிவார்.

இப்படிப்பட்ட சரக்கை நேர்மையாக விற்க முடியுமா? முடியும் என்று காட்டியது மன்னார்க் கரை. அதற்கு இங்கே இரண்டு ஏற்பாடுகள் இருந்தன, இரண்டையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒன்று, மாதிரிச் சிப்பி. சலாபத்துக்கு முன் முத்துப்பார் மேற்பார்வையாளர் தன் குளியாளிகளோடு போய் ஒவ்வொரு பாராகப் பார்ப்பார். சிப்பியின் வயதையும் அடர்த்தியையும் குறிப்பார். ஒவ்வொரு பாரிலிருந்தும் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பாளர்களிடம் கொடுப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் முத்து என்று ஒரு மதிப்பு வரும். அதன் பிறகுதான் சலாப அறிவித்தல் வெளிவரும். எந்தெந்தப் பாரில் குளிப்பு, ஒவ்வொன்றிலும் எத்தனை லட்சம் சிப்பி இருப்பதாக மதிப்பு, எத்தனை தோணிக்கு எத்தனை நாள் வேலை என்பதெல்லாம் அதில் இருக்கும். மலிவான மாதிரி வந்தால் அதுவும் வாங்குபவரின் காதுக்குப் போய்ச் சேரும். தமக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்ததை முன்கூட்டியே சொல்லி, தெரியாததைத் தெரியாததாகவே ஏலத்தில் விட்டார்கள். அதற்கு மேல் வாங்குபவரும் தம் பங்குக்குச் சோதிக்கலாம். முதல் நாள் சிறு தொகைக்கு எடுத்து, திறந்து பார்த்து, மறுநாள் ஏலத்தில் கையை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யலாம். அதனால் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கியது.

மற்றது கொட்டு. தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பி எல்லாம் கொட்டு என்ற வேலியடைப்புக்குள் போக வேண்டும். அங்கே குளியாளிகளே தம் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு அவர்களுக்கு. ஆனால் எந்தக் குவியல் அவர்களுடையது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கொட்டு அதிகாரி சுட்டிக்காட்டுவார். பிரிப்பவர் வேறு, தேர்பவர் வேறு. ஆகவே எந்தக் குவியலையும் சிறியதாக்கிப் பயனில்லை. 1906 சலாபத்தில் பணியாற்றிய இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனர்ட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளராகவும் வர்ஜினியா வூல்ஃபின் கணவராகவும் அறியப்பட்டவர். இந்தப் பங்கீட்டை அவர் தன் நினைவு நூலில் பதிந்து வைத்திருக்கிறார். பல மொழிக்காரர் பல்லாயிரம் பேர் கூடிய இடத்தில் ஒரு சில அதிகாரிகளால் இதை நடத்த முடிந்ததற்குக் காரணம் துப்பாக்கி இல்லை. பங்கீட்டு முறையே நம்பத் தக்கதாக இருந்தது.

சிப்பியிலிருந்து முத்து வெளிவந்த பிறகு வேறு ஒரு நேர்மை தேவைப்பட்டது. அது நம் வணிகர்களுடையது, மிகப் பழையது. பத்துப் பித்தளைச் சல்லடைகள். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று துளைகள். அவற்றுக்குப் பெட்டி என்று பெயர். முத்து எந்தப் பெட்டியில் நிற்கிறதோ அது அதன் அளவு. அதன் பிறகு வடிவும் ஒளியும் பார்த்து வகை பிரிப்பார்கள். உருட்சியும் ஒளியும் குறையாதது ஆணி. ஒன்று குறைந்தால் ஒரு பெயர், இரண்டும் குறைந்தால் வேறு பெயர். தட்டையானது, கோணியது, இரட்டையாக ஒட்டியது, கொத்தாகச் சேர்ந்தது என்று ஒவ்வொரு குறைக்கும் ஒரு வகை. குறுவல், கலிப்பு, மடங்கு, பீசல் என்று இறங்கிக் கடைசியில் தூள் வரை வரும். பெயரைச் சொன்னாலே குறையைச் சொன்னதாகிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளின் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பேரரசன் தெய்வத்துக்குக் கொடுத்த முத்துகளைக் கல்லில் பொறிக்கும்போது வட்டம், அனுவட்டம் என்று நல்லவற்றை மட்டும் எழுதவில்லை. கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, சிவந்த நீர், தோலிடந்தன என்று குறைகளையும் கூடவே பொறித்தார்கள். எடை, எண்ணிக்கை, குறை மூன்றும் ஒரே வரியில். கொடையாளி அரசன் என்பதற்காகக் கணக்கன் உளியை நிறுத்தவில்லை. சரக்கின் குறையைச் சரக்கோடு சேர்த்தே எழுதும் அந்தப் பழக்கத்தின் நேர் வாரிசு மரிச்சுக்கட்டியின் பித்தளைப் பெட்டி என்று நான் கருதுகிறேன்.

ஆக, முத்துக்குக் குறை சொல்லும் முறை இருந்தது. சிப்பிக்கும் ஒரு முறை இருந்தது. பாருக்கு? அங்கேதான் சிக்கல்.

பார் நம்பத் தகாத சரக்கு. டச்சுக்காரர் 1768 க்குப் பிறகு மன்னாரில் ஒரு சலாபமும் நடத்தவில்லை. ஆங்கிலேயர் 1796 இல் வந்து இறங்கியதும் அவர்களுக்கு மூன்று ஆண்டு அள்ள அள்ள வந்தது. அந்தச் செழிப்புக்குப் பிறகுதான் முதல் கவர்னர் ஃபிரெடெரிக் நோர்த் அரிப்பில் கடலோரக் குன்றின் மேல் ஒரு மாளிகை கட்டினார். இன்று கடல் அரித்து இடிந்து நிற்கும் டோரிக் மாளிகை அதுதான். 1804 இல் யாழ்ப்பாணத்தார் ஒருவர் 150 தோணிக்கு முப்பது நாள் குளிப்பை 3 லட்சம் பறங்கிப்பேட்டை வராகனுக்குக் குத்தகை எடுத்தார். பின்னாளில் ஒருவரிடம் மொத்தமாகக் குத்தகை விடுவதை நிறுத்தி, அரசாங்கமே நடத்தி ஏலம் விடும் அமானி முறை வந்தது. பார் பொய்த்தால் நட்டம் அரசாங்கத்துக்கு, விளைந்தால் லாபமும் அதற்கே என்று ஆனது.

பொய்த்தது. 1837 சலாபத்துக்குப் பிறகு 1855 வரை ஒன்றுமில்லை. 1863 க்குப் பிறகு 1874 வரை இல்லை. 1891 இல் 9 லட்சத்துக்கு மேல் வந்தது, அதோடு நின்றது. 1903 வரை மீண்டும் வெற்றுக் கடல். 1838 முதல் 1902 வரையான 65 ஆண்டுகளில் சலாபம் நடந்த ஆண்டுகள் இருபதுக்கும் குறைவு. இது யாரும் மறைத்த கணக்கு இல்லை. ஒவ்வொரு சலாபத்துக்கும் அரசாங்கப் பதிவு உண்டு.

ஏன் பொய்க்கிறது என்று அறிய அரசாங்கம் உண்மையாகவே முயன்றது. 1857 இல் இலங்கையிலேயே பிறந்த மருத்துவரும் உயிரியலாளருமான கெலார்ட்டை நியமித்தது. அவர் 1860 இல் இறந்தார். அதன் பிறகு ஹோல்ட்ஸ்வர்த் வந்தார். கேப்டன் டோனன் ஆண்டுக்கணக்கில் பார்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதினார். 1902 ஜனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னல் என்ற உதவியாளரோடு வந்து சேர்ந்தார். அவருடைய அறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. மன்னார்க் கடலைப் பற்றி அதுவரை எழுதப்பட்டவற்றுள் ஆகப் பெரிய ஆய்வு அது.

அந்த அறிக்கையில் பெரிய பாரைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. கரையிலிருந்து சுமார் 20 மைல் தள்ளி, கடல் திடீரென்று ஆழமாகும் விளிம்புக்கு அருகே கிடக்கும் பார் அது. 1880 முதல் அங்கே குறைந்தது பதினொரு முறை குஞ்சுச் சிப்பிகள் தாமாகவே வந்து படிந்தன. ஒருமுறைகூட அங்கே ஒரு சலாபம் நடக்கவில்லை. 1902 மார்ச்சில் ஹோர்னல் பார்த்தபோது குஞ்சுகளின் தொகையைப் பதினாயிரம் கோடிக்குக் குறையாது என்று மதித்தார். நவம்பரில் போனபோது அத்தனையும் போய்விட்டன. இடையில் சோளகக் காற்றுக் காலம். அலை கிளப்பிய மணல் மூடியிருக்க வேண்டும், அல்லது நீரோட்டம் விளிம்புக்கு அப்பால் ஆழத்துக்குத் தள்ளியிருக்க வேண்டும் என்று ஹெர்ட்மன் எழுதினார். மற்றப் பார்களில் சிப்பியைத் திருக்கையும் கிளாத்தியும் தின்றன, நட்சத்திர மீன் தின்றது. குளியாளிகள் சூரன் என்று சொல்லும் ஒரு மட்டி, நூல் பின்னிப் பாரையே பாய் போல மூடிச் சிப்பியை மூச்சடைக்கச் செய்தது. இத்தனையும் தப்பி நாலைந்து வயது ஆனால்தான் முத்துக்கு விலை. அதற்கு மேல் விட்டுவைத்தால் சிப்பி தானாகச் செத்துவிடும்.

இதை எழுதிய அதே ஹெர்ட்மன், எதிர்காலத்தைப் பற்றி மனம் தளர வேண்டியதில்லை, அறிவியல் முறையில் கவனித்தால் போதும் என்றும் எழுதினார். பெரிய பாரின் குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் விதைக்கலாம். சிப்பி ஒட்டிக்கொள்ளக் கல் போடலாம். நெருக்கமாக இருக்கும் இடத்தில் கலைக்கலாம். முத்து ஏன் உண்டாகிறது என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. சிப்பிக்குள் புகும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுற்றித்தான் நல்ல முத்து வளர்கிறது என்றார்.

இந்த அறிக்கையின் தொகுதிகள் வந்துகொண்டிருந்தபோதே கடல் திறந்துகொடுத்தது. 1903 இல் 8 லட்சத்துக்கு மேல். 1904 இல் 10 லட்சத்துக்கு மேல். 1905 இல் 25 லட்சம். அந்த மூன்று சலாபங்களில் எடுத்த சிப்பி எல்லாம் ஹெர்ட்மன் வந்து இறங்குவதற்கு முன்பே பாரில் படிந்து வளர்ந்தவை. அவருடைய விதைப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் அறிவியல் வந்தது, முத்து வந்தது என்று காலம் ஒத்துப் போனது. பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றால் மற்றது விளைந்ததாகத் தோன்றியிருக்க வேண்டும்.

குத்தகை இந்த நேரத்தில் கைமாறியது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் கட்டுவதோடு, விதைப்புக்கும் கல் போடுவதற்கும் ஆண்டுதோறும் தனியாகச் செலவழிக்கும் கடமையையும் கம்பெனி ஏற்றது.

25 லட்சம் வந்த கடலை 3 லட்சத்துக்கு விற்றார்களே என்ற கூக்குரலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1891 சலாபத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து 1905 வரை 14 ஆண்டுகள். அவற்றில் 11 ஆண்டுகள் வெறுமை. மிச்ச மூன்று ஆண்டுகளின் மொத்த வரவு ஏறக்குறைய 44 லட்சம். 14 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 3.15 லட்சம் வருகிறது. குத்தகைத் தொகை 3.1 லட்சம். அரசாங்கம் இப்படித்தான் கணக்கிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விலைக்குள் வெற்று ஆண்டுகள் அடங்கியிருந்தன என்பதை இந்த வகுத்தல் காட்டுகிறது. கடல் பொய்க்கும் என்பதை நன்கு அறிந்த ஒரு விற்பனையாளர் ஏற்கும் விலை அது. பொய்க்கும் சரக்கை நிலையான வருமானமாக மாற்றிக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் 1905 ஐ மட்டும் பார்த்தார்கள்.

அப்படியானால் அரசாங்கம் நேர்மையாக நடந்ததா? பொய் சொல்லவில்லை. பதிவுகள் திறந்திருந்தன, பெரிய பாரின் கதை அச்சில் இருந்தது. இன்டெல் செய்தது போல ஒரு பிழையைத் தெரிந்துகொண்டே மூடிவைக்கவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் மனம் ஆறவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சிப்பி ஏலத்தில் மாதிரியின் மதிப்பு ஏல மேடையிலேயே இருந்தது. பாரின் பெயரோடும் எண்ணிக்கையோடும் வாங்குபவர் முன் வந்து நின்றது. இருபது ஆண்டுக் குத்தகைக்கு அப்படி ஒரு மாதிரி கிடையாது. அதற்கான மாதிரி கடந்த நூறு ஆண்டுகளின் வெற்று ஆண்டுப் பட்டியல்தான். அது ராயல் சொசைட்டியின் கனத்த தொகுதிகளிலும் அரசாங்க ஆவணங்களிலும் கிடந்தது. கம்பெனியை நிறுவியவர்கள் படித்திருப்பார்கள். முத்துக் கம்பெனி என்ற பெயரைக் கேட்டு அதில் பங்கு வாங்கியவர் ஐந்து தொகுதிகளைப் புரட்டியிருப்பாரா? அச்சாகிவிட்டது என்பதும் வாங்குபவரிடம் சொல்லப்பட்டது என்பதும் ஒன்றல்ல.

இன்னும் முக்கியமானது வேறு. குறையைச் சொன்ன அதே அறிக்கை, அந்தக் குறையைத் தீர்க்கும் வழி கைவசம் இருப்பதாகவும் சொன்னது. அந்த வழி அதுவரை ஒரு பாரிலாவது முழுச் சுற்றும் சோதிக்கப்படவில்லை. குஞ்சை விதைத்து அது நாலைந்து வயதாகி முத்துத் தருவதைக் காண ஐந்து ஆண்டு வேண்டும். ஹெர்ட்மன் வந்து நாலு ஆண்டில் குத்தகை முடிவாகிவிட்டது. சோதிக்காத பரிகாரத்தை நம்பி இருபது ஆண்டுச் சரக்கு கைமாறியது. கணினித் துறையைக் கவனிப்பவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள், அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்பார்கள், அந்த வாக்கை நம்பி இன்றே பணம் வாங்குவார்கள். பழுதை மறைப்பதைவிட இது நாகரிகமானது. வாங்கியவரின் நட்டம் குறைவதில்லை.

கம்பெனி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாமஸ் சவுத்வெல் என்ற உயிரியலாளரை அமர்த்தியது. குஞ்சுகளை அள்ளி வேறு பார்களில் இட்டது. சிப்பியின் நோயையும் புழுவையும் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. கடல் அசையவில்லை. 1907 க்குப் பிறகு கம்பெனியின் பெயரில் குறிப்பிடத்தக்க சலாபம் எதுவும் இல்லை. கம்பெனி கலைந்த அதே 1912 இல் லிஸ்டர் ஜேம்ஸன் என்ற ஆய்வாளர், மன்னார் முத்துக்கு நாடாப்புழுவே காரணம் என்ற முடிவுக்குப் போதிய சான்று இல்லை என்று விரிவான கட்டுரை எழுதினார். ஹோர்னல் அதற்குள் சென்னை அரசாங்கத்தின் மீன்வளத் துறைக்குப் போயிருந்தார், பின்னர் அதன் இயக்குநரானார்.

இந்தக் கதையில் கணக்கில் வராத ஒரு தரப்பு உண்டு. மூன்றில் ஒரு குவியலை நம்பிக் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தோணியேறி வந்த குளியாளியும், சலாபக் காலத்தில் தண்ணீரும் விறகும் ஓலையும் கொடுத்துப் பிழைத்த முசலிக் கரைக் குடும்பங்களும். குத்தகை ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கையெழுத்து இல்லை. பங்குதாரர் இழந்தது முதலை, இவர்கள் இழந்தது ஒரு பருவத்துத் தொழிலை. 1925 இல் மீண்டும் ஒரு சலாபம் நடந்தது. 1958 இல் குளியாளிகளுக்குப் பதிலாக இயந்திரத்தால் சிப்பியை வாரும் முயற்சி நடந்தது. பழைய பெருஞ்சலாபம் பிறகு திரும்பவில்லை. மரிச்சுக்கட்டியும் சிலாவத்துறையும் 1990 இல் தம் முஸ்லிம் மக்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டதையும், பல ஆண்டு கழித்து அவர்கள் திரும்பிக் காடு மூடிய ஊரில் மீண்டும் வேலி போட்டதையும் கண்டன. அது வேறு தொடருக்குரிய பெரிய கதை.

மன்னார்ப் பார்கள் வெறுமையாகக் கிடந்த ஆண்டுகளில் ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி சிப்பிக்குள் மனிதக் கையால் கருவை வைத்து உருண்டை முத்தை வளர்க்கும் தொழிலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். 1921 இல் அந்த முத்துகள் லண்டன் சந்தையில் இயற்கை முத்துகளோடு கலந்து நின்றபோது நகை வணிகர்கள் பதறினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாத ஒரு சரக்கைப் பற்றி விற்பவர் என்ன சொல்லக் கடமைப்பட்டவர் என்ற வழக்கு பாரிஸ் நீதிமன்றம் வரை போனது. அடுத்த இதழில் அந்த வழக்கு.